ஜூலை, மூன்றாம் மாடி

மோன்டெவிடியோவில் ஜூலை என்றால்
சுவர்களுக்கு வியர்க்கும்.
துவைத்துப் போட்ட துணி மூன்று நாளாய்
காய்வதா வேண்டாமா என்று யோசிக்கும்.
கணப்படுப்பைச் சுற்றிப்
பதினொரு குட்டிச் சட்டைகள்
கை நீட்டி நிற்கின்றன,
யாரும் தூக்கிக்கொள்ளாத பிள்ளைகள் மாதிரி.

ஆம்பாரோ பிறந்து இன்று நாற்பத்தியோரு நாள்.
எனக்கும் அதே வயதுதான்.

இந்த ஊர் ஆண்பிள்ளைக்கு இடது அக்குள்
வெந்நீர் பிளாஸ்க்குக்கே நேர்ந்துவிட்ட இடம்.
பதினைந்து வயதிலிருந்து அதை இடுக்கிக்கொண்டே
பஸ் பிடித்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன்,
சுல்மாவிடம் 'என்னைக் கட்டிக்கொள்கிறாயா' என்று கேட்டிருக்கிறேன்.
ஒரு சொட்டு சிந்தியதில்லை.
அதே இடுக்கில் இப்போது இவள்.
பிளாஸ்க் மேஜைமேல் அநாதையாய் நிற்கிறது.
மாத்தே இலை குடுவைக்குள்
பச்சைச் சேறாய் ஆறிக் கிடக்கிறது.
இவளோ சிந்துகிறாள்,
மேலேயும் கீழேயும்.

செர்ரோ போகும் பஸ்ஸில் சீட்டு கிழிப்பவன் நான்.
யார் எங்கே இறங்குவார் என்று
முகத்தைப் பார்த்தே சொல்வேன்.
இவள் முகத்தில் மட்டும் நிறுத்தம் எழுதியிருக்கவில்லை.
பசியா, வாயுவா,
இல்லை சும்மா, உலகம் பிடிக்கவில்லையா?
மூன்றாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர்.
அதைக் கேட்க இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மாலையில் கரையோரச் சாலைக்குத் தூக்கிப் போகிறேன்.
ஆறு என்றுதான் பெயர், எதிர்க்கரை தெரியாது.
தூண்டில் போட்டிருந்த ஒருவன் எட்டிப் பார்த்து
'அப்பன் மூக்கு' என்று தீர்ப்புச் சொன்னான்.
இரண்டு நாள் அந்த மூக்கோடு
கண்ணாடி முன்னால் நின்றேன்.

ஞாயிறன்று தெருவில் முரசுக்காரர்கள் வருவார்கள்.
நெருப்பு மூட்டித் தோலை முறுக்கேற்றி
நாற்பது முரசு ஒன்றாய் எழுந்து
சன்னலை உலுக்கிவிட்டுப் போகும்.
தூங்குவாள்.
ஒரு ஸ்பூன் கீழே விழட்டும்,
கட்டடமே எழுந்துவிடும்.
கீழ்வீட்டு ஓல்மேதோ முதல் வாரம்
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.
இப்போது இடிப்பதில்லை.
நேற்று லிஃப்டில் கேட்டார்:
'ராத்திரி மூன்று மணிக்கு அழவில்லையே, உடம்புக்கு ஏதாவதா?'
நன்றாகத் தூங்கினாள் என்றேன்.
'நான் விழித்தே கிடந்தேன்' என்றார்,
புகார் சொல்கிற குரலில்.

சில நினைப்புகளுக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை.
துணி மாற்றும்போது, இவளும் ஒருநாள்
வாடகை கட்டுவாள் என்று தோன்றும்.
இவள் மனத்தை முதலில் நோகடிக்கப்போகிறவனுக்கு
இந்நேரம் எந்த வீட்டிலோ பல் முளைத்துக்கொண்டிருக்கும்.
விளக்கை அணைத்ததும்
மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.
மூச்சு படும்.
விரலை எடுப்பேன்.
பட்டது மூச்சா, நடுங்கியது விரலா?
மறுபடி வைப்பேன்.

இன்று சுல்மா குளிக்கப் போன பத்து நிமிடத்தில்
நகம் வெட்ட உட்கார்ந்தேன்.
இடது கையில் காலையிலேயே
அவள் உறை மாட்டிவிட்டிருந்தாள்.
சரி, வலது கை.
நகமா அது, வெங்காயச் சருகின் ஓரம்.
கத்தரி ஒரு முடியளவு தாண்டிவிட்டது.
சுண்டு விரல்.
கடுகளவு ரத்தம்.
அவள் அழவில்லை, எனக்குத்தான் காது அடைத்தது.
அந்த விரலை என் வாயில் வைத்துக்கொண்டேன்.
இரும்பும் பாலும் கலந்த ருசி.
ரத்தம் நின்றதும் இன்னோர் உறையைத் தேடி மாட்டினேன்.
எனக்குப் பாட வராது, பாடினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.
'அந்தக் கையிலும் எதற்கு உறை?'
குளிர் என்றேன்.
ஜூலையில் அது முழுப்பொய்யும் இல்லை.

சுல்மா இடது கையைப் பார்த்தாள்.
வலது கையைப் பார்த்தாள்.
என்னை மட்டும் பார்க்கவில்லை.
'ஆமாம், காலையிலும் குளிராகத்தான் இருந்தது'
என்று சொல்லிவிட்டு
அடுப்பைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.

நடுவில் ஆம்பாரோ,
இரண்டு கையும் உறையிட்ட குத்துச்சண்டைக்காரி,
எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.
பிறகு தும்மினாள்.